நான்கு பேருக்குக் கம்பூட்ஸ்: எதை வாங்குவது?

போன மழைக்காலம் முடிந்தபோது எங்கள் வீட்டுப் பின்வாசலில் ஐந்து கம்பூட்ஸ், அதாவது சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கப் போடும் உயரமான பூட்ஸ், கிடந்தன. ஐந்து ஜோடி இல்லை, ஐந்தே ஐந்து. அதில் மூன்று இடது கால். அந்த மூன்றில் ஒன்று கணுக்கால் மடிப்பில் வெடித்திருந்தது, ஒன்றின் அடியில் ஆணி ஏறிய ஓட்டை, ஒன்றின் வாயை நாய் குதறியிருந்தது. மீதி இரண்டும் நல்லவைதான். ஆனால் ஒன்று 6, மற்றது 9. அக்டோபரில் மழை திரும்புவதற்குள் வீட்டில் நான்கு பேருக்குப் புதிதாக வாங்கியாக வேண்டும் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. எதை வாங்குவது என்பதுதான் முடிவாக ஆறு மாதம் ஆனது.

நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே வெருலத்தில். வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் சரிவு நிலம். மேல் பாத்திகளில் கொத்தமல்லி, வெந்தயக்கீரை, மிளகாய். கீழே ஓடை ஓரமாகச் சேம்பு. இந்த ஊரில் அதற்கு மடும்பி என்று பெயர். விளைவதில் பாதி வீட்டுக்கு, மீதி டர்பன் வார்விக் பக்கம் இருக்கும் அதிகாலைச் சந்தைக்கு. இறங்கி வேலை செய்பவர்கள் நான்கு பேர்: 72 வயதான என் மாமியார், என் கணவர், நான், வாரத்தில் மூன்று நாள் உதவிக்கு வரும் ஜூலுக்காரர். அவரை நாங்கள் எல்லாரும் ‘பாபா’ என்றுதான் கூப்பிடுவோம், ஜூலுவில் அப்பா என்று பொருள். மாமியாரை இங்கே ‘மா’ என்பார்கள். எனக்கு வாயில் வருவது அத்தைதான்.

முதலில் அந்தப் பெயரைப் பற்றி. நான் மன்னார்குடிப் பக்கத்தில் வளர்ந்தவள். அங்கே சேற்றில் இறங்குவது என்றால் செருப்பைக் கழற்றி வரப்பில் வைப்பது என்று அர்த்தம். போட்டுக்கொண்டு இறங்கினால் கால் வரும், செருப்பு வராது. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் “கம்பூட்ஸ் போட்டுக்கோ” என்று அத்தை சொன்னபோது, கம் என்றால் பசையாயிற்றே, காலோடு ஒட்டிக்கொள்ளும் ஏதோ ஒன்று போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆங்கிலத்தில் ரப்பருக்கு ஒரு காலத்தில் ‘கம் எலாஸ்டிக்’ என்று பெயர் இருந்தது, அந்தக் கம்தான் இது என்று பின்னால் தெரிந்தது. தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கம்பூட்ஸ், ஆப்பிரிக்கான்ஸ் பேசுகிறவர்களிடம் ‘வாட்டர்ஸ்டீவல்ஸ்’, அதாவது தண்ணீர்ப் பூட்ஸ். இங்கிலாந்தில் வெலிங்டன்.

அந்த வெலிங்டன் நமக்கும் தெரிந்த ஆள்தான். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராக நின்ற கர்னல் வெல்லஸ்லியே பிற்பாடு வெலிங்டன் பிரபு ஆனார். குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் வெலிங்டனும் அவர் பெயரில் வந்ததே. அவர் லண்டன் செருப்புத் தைப்பவரிடம் சொல்லிச் செய்துகொண்ட பூட்ஸ் தோலால் ஆனது. மழைக்கு ஏற்றதே இல்லை. 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பக்குவப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்த பிறகே அதே உருவத்தில் ரப்பர் பூட்ஸ் வந்தது. அதற்கு முன்பு ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் உடையும். ஹைரம் ஹட்சின்சன் என்ற அமெரிக்கர் 1853-இல் பிரான்சில் பூட்ஸ் தொழிற்சாலை வைத்தார். முதல் உலகப்போரில் பதுங்குகுழிச் சேற்றில் நின்று கால் அழுகிப்போன சிப்பாய்களுக்காக எடின்பரோவில் ஒரே நிறுவனம் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள் செய்து கொடுத்தது. தமிழில் இதற்கென்று ஒரு சொல் இல்லை என்று சொல்ல வந்தேன், ஆனால் பழம்பாட்டில் வழிநடை வணிகர் அணிந்த காலணிக்கு ‘அடிபுதை அரணம்’ என்று வருகிறது. அடியைப் புதைத்துக்கொள்ளும் காவல். கடையில் போய் “அடிபுதை அரணம் 7-ஆம் நம்பர் இருக்கா?” என்று கேட்க ஆசைதான்.

சரி, வாங்கும் கதைக்கு வருவோம். முதல் தேர்வு, ஒன்றுமே வாங்காமல் இருப்பது. இதைச் சொன்னவர் அத்தை. “தீ மிதிச்ச கால் இது, தண்ணிக்கா பயப்படும்?” என்றார். அவருடைய பாட்டிமார் கரும்புத் தோட்டத்தில் வெறுங்காலோடு வேலை செய்தவர்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் நின்றதிலிருந்து தொடங்கும் கதை அது, அவர் வீட்டில் அதைப் பெருமையாகவே சொல்வார்கள். நானும் வெறுங்கால் கட்சிதான். சேற்றின் குளுமை விரலிடுக்கில் ஏறும் சுகம் எந்தப் பூட்ஸிலும் கிடைக்காது.

ஆனால் இந்த மண் தஞ்சாவூர் மண் இல்லை. இங்கே ஓடைகளிலும் ஆறுகளிலும் பில்ஹார்சியா இருக்கிறது. ஊரில் நான் கேள்விப்பட்டே இராத நோய். தண்ணீரில் வாழும் ஒருவகை நத்தையிலிருந்து வெளிவரும் நுண்புழு, தண்ணீரில் நிற்பவரின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். புண் வேண்டாம், கீறல் வேண்டாம், நல்ல தோலே போதும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். பின்னால் சிறுநீரில் ரத்தம் வரும்போதுதான் தெரியும். எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலின் கரையோரப் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடச் சர்வசாதாரணமாக வரும் நோய் இது. அப்புறம் எலிக்காய்ச்சல், அப்புறம் நம் ஊரிலும் உள்ள சேற்றுப்புண். ஓடையோரம் மடும்பி தோண்டுகிற பாபாவுக்கும் எனக்கும் வெறுங்கால் என்ற பேச்சே இல்லை.

பாம்பையும் சொல்ல வேண்டும். பஃப் ஆடர் என்பது நம் கண்ணாடிவிரியனின் ஆப்பிரிக்கச் சொந்தக்காரன் மாதிரி. குண்டாக, சோம்பேறியாக, காய்ந்த புல் நிறத்தில் கிடக்கும். காலடிச் சத்தம் கேட்டால் மற்ற பாம்பு விலகும், இது விலகாது. மிதித்தால் கடிக்கும், கடி பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே. தவளை தின்ன ஈரத்துக்கு வரும் நைட் ஆடர் வேறு எங்கள் பாத்திகளில் அடிக்கடி தென்படும். தடித்த ரப்பர் பூட்ஸ் கடியை முழுக்கத் தடுக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் வெறும் தோலுக்கும் பல்லுக்கும் நடுவில் ஏதோ ஒன்று இருப்பது நல்லது. கண்ணைப் பார்த்து விஷத்தைத் துப்பும் மொசாம்பிக் நாகத்துக்குப் பூட்ஸ் எதுவும் செய்யாது. அதற்குத் தூரம்தான் மருந்து.

ஆக, பூட்ஸ் வேண்டும். இனி எந்தப் பூட்ஸ்?

எந்த ஹார்டுவேர் கடையிலும் வாசலில் மூட்டையாகத் தொங்குவது பிவிசி. கறுப்பு மேல்பாகம், சிவப்பு அடி. கம்பூட்ஸ் என்று இந்த ஊரில் சொன்னால் பத்துக்கு எட்டுப் பேர் மனதில் வருவது இதுதான். பெயரில் கம் இருந்தாலும் உள்ளே ரப்பர் ஒரு சொட்டும் இல்லாமல் இருக்கலாம். உருகிய பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்தி ஒரே துண்டாக வார்த்து எடுப்பார்கள், அதனால் தையல் கிடையாது, ஒட்டுவாய் கிடையாது, ஒழுகுவதற்கு இடமே கிடையாது. விலையும் மலிவு. நான் கடைசியாக வாங்கியபோது 200 ரேண்டுக்குச் சற்று மேல்.

குறை என்ன என்றால், பிவிசி பிறவியிலேயே விறைப்பான பொருள். அதை வளையச் செய்வதற்கு எண்ணெய் மாதிரி ஒரு சேர்மானம் கலப்பார்கள். வெயிலிலும் நாள்பட்ட உபயோகத்திலும் அந்தச் சேர்மானம் மெல்ல வெளியேற, பூட்ஸ் பழைய பிளாஸ்டிக் வாளி மாதிரி இறுகிவிடும். பிறகு நடக்கும்போது மடியும் இடத்தில், அதாவது கணுக்காலுக்கு முன்னால், முதலில் வெள்ளைக் கோடு, அப்புறம் வெடிப்பு. எங்கள் பின்வாசல் இடது கால்களில் ஒன்று அப்படிப் போனதே. வெடித்த பிவிசியை ஒட்டவைக்க நான் பட்டபாடு கொஞ்சமில்லை, சைக்கிள் கடைப் பசை அதில் நிற்காது. இன்னொன்று, பழைய பூட்ஸைக் குப்பையோடு போட்டு எரிக்காதீர்கள். பிவிசி எரிந்தால் அமில வாயு வரும், தொண்டை எரியும். பக்கத்து வளவில் ஒருவர் எரித்த அன்று எங்கள் மல்லிப்பாத்தி வரைக்கும் இருமல்.

பிவிசியிலேயே வெள்ளை நிறத்தில் ஒன்று உண்டு. என் கணவர் வேலை செய்யும் உணவுத் தொழிற்சாலையில் அதுதான். அழுக்கு உடனே கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வெள்ளை. விலங்குக் கொழுப்பு சாதாரணப் பிவிசியின் சேர்மானத்தை உறிஞ்சி எடுத்துவிடும் என்பதால் அதில் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரைக் கலப்பார்கள். கோழி, ஆட்டுக்கறி வெட்டுகிறவர்கள், பால் பண்ணைக்காரர்கள் இந்த வகையைக் கேட்டு வாங்குவது நல்லது. கீரைப் பாத்திக்கு அது தேவையில்லாத செலவு.

இனி நிஜ ரப்பர். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்குப் பிடித்தது இதுதான். துணி உள்ளுறைமேல் ரப்பர்த் தகடுகளைக் கையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கால் வடிவ அச்சோடு சூட்டில் வேகவைத்து எடுக்கிறார்கள். அதனால் ஒரு ஜோடியைக் கையில் எடுத்தால் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும் விளிம்பு தெரியும். பிவிசியில் அந்த விளிம்பு இருக்காது. அதற்குப் பதிலாக அச்சின் இரண்டு பாதிகள் சந்தித்த கோடு முன்னும் பின்னும் நேராக ஓடும். கடைக்காரர் ரப்பர் என்று சத்தியம் செய்தாலும் இந்தக் கோட்டைத் தேடிப் பாருங்கள். ரப்பர் காலோடு வளையும், ஈரப் பாறையில் பிடிப்பு அதிகம், நாள் முழுக்கப் போட்டாலும் ஆடுசதையில் உரசாது. ஓட்டை விழுந்தால் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப்போடுகிற மாதிரியே உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, துண்டு ஒட்டினால் தீர்ந்தது.

மேலே சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையாக வந்தால் பூஞ்சணம் என்று பயந்து திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள். ரப்பருக்குள் இருக்கும் மெழுகு முதலானவை மேலே வருவது அது, துணியால் துடைத்தால் போய்விடும். உண்மையான எதிரி வெயிலும் காற்றிலிருக்கும் ஓசோனும். இழுபட்டிருக்கும் இடங்களில் மயிரிழை மாதிரி விரிசல் விடும். பெட்ரோல், டீசல், இயந்திர எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். புல்வெட்டும் இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறவர் இதைப் போட்டுக்கொண்டு செய்யக் கூடாது. விலை? பிவிசி ஐந்தாறு ஜோடி வாங்கும் காசுக்கு நல்ல ரப்பர் ஒரு ஜோடி. பின்வாசலில் வெயிலில் கழற்றிப் போட்டுவிட்டு மறந்துபோகிற எங்கள் வீட்டுக்கு இது அநியாயம். ஆசையை அங்கேயே விட்டேன்.

பாலியூரித்தேன் என்று மூன்றாவது ஒன்று வந்திருக்கிறது. உள்ளே கோடிக்கணக்கான காற்றுக்குமிழ், அதனால் தூக்கினால் தக்கை. குளிருக்கு இதமாக இருக்கும், டிராக்கன்ஸ்பர்க் மலைப் பக்கம் பனியில் மாடு மேய்க்கிறவர்களுக்கு அருமை. எங்கள் கடலோரப் புழுக்கத்துக்கு நான் சொல்ல மாட்டேன். இந்த வகைப் பொருளில் பலவற்றை ஈரமும் சூடும் சேர்ந்து உள்ளிருந்தே அரிக்கும், போடாமல் வைத்திருந்தாலும் அரிக்கும். கணவரின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒரு ஜோடியை விலைகொடுத்து வாங்கி, பத்திரமாக அலமாரியில் வைத்து, சில வருடம் கழித்து எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தார். அடிப்பாகம் டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உதிர்ந்து வழியெல்லாம் கிடந்தது.

அடுத்தது இரும்பு வைத்த வகை. இதில் எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பன் சுற்றுவட்டாரத்தில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் பக்கத்து ஊர் டொங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் பாழாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. எங்கள் சரிவின் கீழ்ப்பாதி ஓடையோடு போயிற்று. மூன்றாம் நாள் சேறு வார இறங்கினேன், நல்ல பூட்ஸ்தான் போட்டிருந்தேன். சேற்றுக்குள் யாருடைய கூரைப் பலகையோ கிடந்திருக்கிறது, அதில் ஆணி நிமிர்ந்து நின்றிருக்கிறது. பிவிசி அடி, ஆணிக்கு வெண்ணெய். இடது பாதத்தில் ஏறியது. டெட்டனஸ் ஊசி, பத்து நாள் நொண்டல். பூட்ஸில் அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது.

பாதுகாப்புப் பூட்ஸில் இரண்டு இரும்பு உண்டு, இரண்டும் வேறு வேறு வேலைக்கு. விரல்களின் மேலே இருக்கும் தொப்பி, மேலிருந்து விழுவதற்கு. 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும் என்பது அதற்கான அளவு, அதாவது 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற மாதிரி. அடியில் இருக்கும் தகடு, கீழிருந்து குத்துவதற்கு. பெரும்பாலான கடைகளில் தொப்பி வைத்ததைக் காட்டி “இரும்பு போட்டது” என்று கொடுத்துவிடுவார்கள். தகடு இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும். எனக்குத் தொப்பி இருந்து என்ன, ஆணி கீழிருந்தல்லவா வந்தது? தகடு வைத்ததில் எடை கூடும், அடி அவ்வளவாக வளையாது, சரிவில் ஏறி இறங்கினால் கெண்டைக்கால் வலிக்கும். அன்றாடம் போட லாயக்கில்லை. ஆனால் வெள்ளத்துக்குப் பின்னான சேற்றுக்கும், இடிந்த சுவருக்கும் வீட்டில் ஒரு ஜோடி இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

வெள்ளம் ஓடிக்கொண்டிருக்கும்போது எந்தப் பூட்ஸும் உதவாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணுக்கால் அளவு ஓட்டம்கூட ஆளைச் சாய்த்துவிடும். மேல்வாய் வழியாகத் தண்ணீர் புகுந்தால் இரண்டு காலிலும் இரண்டு வாளி கட்டிக்கொண்டு கரையேறுகிற மாதிரி. 1917 அக்டோபரில் டர்பனில் உம்கேனி ஆறு பெருக்கெடுத்து ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில் குடியிருந்த தோட்டக்காரக் குடும்பங்களைச் சூழ்ந்தபோது, படவட்டான் அறுவர் என்று இன்றைக்கும் சொல்லப்படும் தமிழ் மீனவர்கள் 176 பேரைக் காப்பாற்றினார்கள். படகும் துணிச்சலும் இருந்ததால் முடிந்தது. ஓடும் தண்ணீருக்கு அதுதான் வழி.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தால் ஷாக் அடிக்காது என்று எங்கள் தெருவில் பலர் நினைக்கிறார்கள். கறுப்பு ரப்பரில் உறுதிக்காகக் கரித்தூள் சேர்க்கிறார்கள், கரி மின்சாரத்தைக் கடத்தும். சில பாதுகாப்புப் பூட்ஸ்கள் உடலில் சேரும் நிலைமின்சாரம் கீழிறங்கட்டும் என்று வேண்டுமென்றே சிறிதளவு கடத்தும்படி செய்யப்பட்டவை. மின்வாரியத்தார் போடுவது தனியாகச் சோதித்து முத்திரை குத்திய வேறு வகை. தண்ணீர் புகுந்த வீட்டில் மெயின் சுவிட்சை அணைக்காமல், கம்பூட்ஸை நம்பிக் கால் வைக்காதீர்கள்.

இவ்வளவும் பொருளைப் பற்றிய பேச்சு. ஆனால் எங்கள் வீட்டில் முடிவைத் தீர்மானித்தது பொருள் இல்லை, உயரமும் வாயகலமும்தான். காரணம் அத்தை.

அத்தைக்குச் சர்க்கரை. டர்பன் இந்தியக் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். கால் மரத்துப்போயிருக்கிறது, கல் குத்தினாலும் தெரிவதில்லை. அவருக்கு வெறுங்கால் கூடவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முழங்கால் வரைக்கும் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தோம். வீங்கிய ஆடுசதையில் ஏறவில்லை, ஏற்றினால் கழற்ற ஆள் வேண்டும். இரண்டு நாள் போட்டார். மூன்றாம் நாள் பூட்ஸ் வாசலில், அத்தை வெறுங்காலோடு பாத்தியில். கோபித்துக்கொண்டு என்ன பயன்? குனிய முடியாதவரால் போட முடியாத ஒன்றை வாங்கியது எங்கள் தப்பு.

அவருக்கு இப்போது கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் குட்டைப் பூட்ஸ். ஈவிஏ என்ற நுரைப்பொருள், எடையே இல்லை, வாய் அகலம், பின்னால் இழுத்துப் போட ஒரு காது. ஓடைத் தண்ணீருக்கு இது போதாது, பாம்புக்கும் போதாது. அதற்காக ஓர் உடன்படிக்கை: அத்தை மேல் பாத்தியோடு சரி, ஓடைப் பக்கம் இறங்கக் கூடாது. பருத்திக் காலுறை கட்டாயம். போடுவதற்கு முன் உள்ளே கைவிட்டுத் துழாவி, கல்லோ முள்ளோ இருக்கிறதா என்று நான் பார்த்துக் கொடுப்பேன். சர்க்கரைக்காரர்கள் உள்ள வீட்டில் இது ஒரு நிமிட வேலை, விட்டுவிடக் கூடாத வேலை.

பாபா விஷயத்தில் வேறொரு பழக்கத்தை உடைக்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் பலர் தோட்ட உதவிக்கு வருபவருக்கு வீட்டுக்காரரின் பழைய பூட்ஸையே கொடுப்பார்கள். நாங்களும் கொடுத்திருக்கிறோம். அளவு சேராத பூட்ஸில் குதிகால் உரசிப் புண்ணாகும், இன்னொருவர் வேர்வையில் ஊறிய பூட்ஸில் விரலிடுக்குப் படை வரும். இந்த முறை அவரையும் கடைக்கு அழைத்துப் போனோம். அவர் இளவயதில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் தங்கச் சுரங்கத்தில் சில வருடம் இருந்தவர். கடையில் தொங்கிய ஒவ்வொரு ஜோடியையும் எடுத்து, உள்ளங்கையால் பக்கவாட்டில் ஓங்கி ஓர் அறை. சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார், அடுத்தது. கடைப்பையன் சிரித்துவிட்டான், “டான்ஸ் ஆடப் போறீங்களா?” என்று.

கம்பூட்ஸ் ஆட்டம் இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும். வரிசையாக நின்று பூட்ஸைத் தட்டியும் தரையை மிதித்தும் தாளம் போடுவது. சுரங்கத்தில் தேங்கும் தண்ணீரை வடிக்கிற செலவைவிடத் தொழிலாளிக்குப் பூட்ஸ் கொடுப்பது மலிவாக இருந்தது, பேசத் தடை இருந்ததால் பூட்ஸைத் தட்டிச் சேதி சொல்லிக்கொண்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. ஆனால் ஆட்டத்தின் ஜூலுப் பெயர் ‘இசிகாத்துலோ’, அதாவது காலணி. நட்டாலின் மிஷன் பள்ளிகளில் வெறுங்கால் ஆட்டம் தடுக்கப்பட்டபோது காலணியோடு ஆடத் தொடங்கியது, பிறகு டர்பன் துறைமுகக் கூலிகளிடம் வளர்ந்து சுரங்கத்துக்குப் போனது என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். எங்கள் ஊர்ப் பெருமைக்கு இரண்டாவது கதைதான் வசதி. பாபாவைக் கேட்டேன். ஆடியதில்லை, கணுக்கால் வரை தண்ணீரில் நின்றது மட்டும் நினைவிருக்கிறது என்றார். அறைந்து பார்ப்பது தடிமன் அறிய. சன்னமான பூட்ஸ் ‘சளார்’ என்கும், கனமானது ‘தொப்’ என்கும். அவர் தேர்ந்தெடுத்தது முழங்கால் உயரக் கறுப்புப் பிவிசி, 9-ஆம் நம்பர், கடையிலேயே கனமானது. விலையிலும் நடுத்தரம்தான்.

நம்பர் பற்றி: இங்கே இங்கிலாந்து அளவு, நம் ஊரிலும் அதுவே. ஊர்ச் செருப்பு 5 என்றால் இங்கேயும் 5. ஆனால் கம்பூட்ஸில் பாதி நம்பர் வருவது அபூர்வம். தடித்த காலுறைக்கு இடம் வேண்டும் என்பதால் ஒன்று கூட்டி வாங்குங்கள். ரொம்பக் கூட்டினால் சேறு பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும், கால் மட்டும் வெளியே வரும், மன்னார்குடிச் செருப்புக் கதைதான் திரும்ப.

கடைசியில் எங்கள் பட்டியல் இப்படி நின்றது. பாபாவுக்கும் எனக்கும் முழங்கால் உயரப் பிவிசி. அத்தைக்குக் குட்டை ஈவிஏ. கணவருக்குத் தனியாகத் தினசரிப் பூட்ஸ் வாங்கவில்லை. வார இறுதியில் இரண்டு மணி நேரம் இறங்குகிறவர், அவர் காலளவில் அடித்தகடு வைத்த ஒரு ஜோடி வாங்கினோம், வெள்ளம் வந்தால் சேறு வாருவது இனி அவர் பொறுப்பு. இதில் எனக்கு முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். இரண்டு வருடத்தில் என் பிவிசி கணுக்காலில் வெடிக்கும் என்று தெரிந்தே வாங்கியிருக்கிறேன். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பூட்ஸிலேயே நிற்கும் விவசாயியாக இருந்தால், வெயிலில் போடாத ஒழுக்கமும் இருந்தால், யோசிக்காமல் ரப்பருக்குப் போயிருப்பேன்.

வாங்கியதைக் காப்பாற்ற ஒரு வேலை செய்தோம். நம் வீடுகளில் செருப்பு வாசலுக்கு வெளியே. பூட்ஸ் வாசலுக்கு வெளியே நின்றால் மழை நிரம்பும், தவளை குடியேறும், தவளையைத் தேடி வருவதும் வரும். அதனால் பின்சுவரில் இறவாணத்துக்குக் கீழே எட்டு மரக்குச்சிகளை அடித்து, பூட்ஸைத் தலைகீழாகச் செருகுகிறோம். வெயில் படாது, உள்ளே காயும். நனைந்து வந்தால் பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து ஒரு ராத்திரி. போடும் முன் தட்டி உதறுவது எப்போதும். கழற்றுவதற்கு ஒரு பலகையில் ‘வி’ வடிவில் வெட்டி, முன்னால் ஒரு கட்டை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறோம். குதிகாலை அதில் மாட்டி இழுத்தால் குனியாமல் கழன்றுவிடும். இதைச் செய்ய ஆன செலவு ஒன்றுமில்லை, மாம்பழப் பெட்டிப் பலகை.

பழைய ஐந்தில் நல்லவை இரண்டையும் ஜோடி தேடி இன்னும் வைத்திருக்கிறோம். வெடித்ததும் நாய் கடித்ததும் குப்பை வண்டியில் போயின. ஆணி ஏறியதை மட்டும் அத்தை எடுத்துக்கொண்டார். அதில் மண் நிரப்பிக் கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறார். தண்ணீர் வடிய அடியில் தனியாகத் துளை போட வேண்டியிருக்கவில்லை.